பண்டமாரான் சந்திரகலாவின் இருபத்தைந்து மீட்டர்

சந்திரகலா நீந்தக் கற்றுக்கொண்டது ஐம்பத்து மூன்றாம் வயதில். எல்லாம் ஒரு வீடியோவால் வந்தது.

பண்டமாரானில் ஒரு கண்டெய்னர் டிப்போவில் அவருக்கு இருபத்து நான்கு வருட வேலை. வாசல் பக்கத்துச் சின்ன ஏர்கோன் அறையில் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் லோரிகளை மேய்க்க வேண்டும். எந்த லோரி எந்த வரிசைக்குப் போக வேண்டும், எது ஓரமாக நிற்க வேண்டும், யார் பசியாறப் போய் இன்னும் திரும்பவில்லை, எல்லாம் அவர் குரலில்தான் நடக்கும். "ஏழாம் நம்பர், பின்னால வாங்க, வாங்க, வாங்க, போதும்!" என்றால் நாற்பது அடி கண்டெய்னர் சொன்ன இடத்தில் நிற்கும். டிரைவர்கள் எல்லாருக்கும் அவர் கலாக்கா. அவரைவிட ஆறு வயது மூத்த அய்யாவுகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் டிப்போவில் எல்லாரையும் குடும்பத்தோடு பஸ் பிடித்துப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப் போனார்கள். மஞ்சள் நிற ரப்பர் படகு ஒன்றில் ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்து ஒரு மோட்டார் படகு இழுத்துக்கொண்டு போகுமே, அதில் சந்திரகலாவையும் ஏற்றிவிட்டார்கள். உயிர்காப்புச் சட்டை எல்லாம் போட்டாயிற்று. சவாரி முடிந்து கரைக்கு வரும்போது படகு லேசாகச் சாய்ந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். சந்திரகலா விழுந்தார்.

"காப்பாத்துங்க! ஐயோ! என் பையனுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல!"

கையும் காலும் நாலு பக்கமும் பறந்தன. அய்யாவு பக்கத்தில் வந்து நின்று, ரொம்ப மரியாதையாக, "அக்கா, எழுந்து நில்லுங்க" என்றார்.

எழுந்து நின்றார். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது.

அந்தப் பதினான்கு விநாடி வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் டிப்போவின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராகவே வந்துவிட்டது. யாராவது வேலையில் தடுமாறினால் சந்திரகலாவின் விரிந்த வாயும் இரண்டு கையும் வந்து விழும். அதிகமாகச் சிரித்ததும் அவர்தான். பார்க்காதவர்களுக்குத் தானே போனை எடுத்துக் காட்டுவார்.

ஆனால் பத்தாவது தடவை காட்டும்போது வீடியோவின் ஓரத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. மணலில் ஒரு பாய், பாய்மேல் குவியலாகக் கைப்பைகள், செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், கைக்கடிகாரங்கள். படகில் ஏறுகிற வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்த இடம் அது. யோசித்துப் பார்த்தார். எந்தக் கடலுக்குப் போனாலும், எந்த ஓட்டல் குளத்துக்குப் போனாலும், கணுக்கால் நனைந்ததும் திரும்பி வந்து எல்லாருடைய சாமானுக்கும் காவல் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போயாயிற்று. சாமான் மட்டும் இன்னும் அவர் மடியில்தான்.

அதற்கடுத்த வாரம் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்கு ரவிக்கைத் துணி எடுக்கப் போனார். பதினைந்து வருடமாக ரம்லத்தின் கடைதான். ரம்லத்தும் அவர் கணவர் ஜெய்னுதீனும் நடத்துகிற கடை. சேலை எடுத்து முடிப்பதற்குள் ரம்லத் மூன்று பேருக்கு வரன் சொல்லிவிடுவார். அன்று அவர் துணியை விரித்துக் காட்டியபோது சந்திரகலா மூக்கைச் சுருக்கினார்.

"என்ன ரம்லத், கடையில குளோரின் வாடை அடிக்குது? தரை கழுவினீங்களா?"

"தரை இல்ல கலாக்கா, நான்தான்." ரம்லத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "முட்டி வலிக்கு டாக்டர் நீந்தச் சொன்னாரு. நாலு மாசமாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில பெரியவங்களுக்கு மட்டும் ஒரு கிளப் இருக்கு. எல்லாம் நம்ம வயசு லா. ஒரு அங்கிளுக்கு எழுபத்திரெண்டு."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"இப்போ தெரியும்."

ரம்லத் கையில் இருந்த துணியை மறந்துவிட்டு இரண்டு கையையும் நீட்டி நீந்திக் காட்டினார். அலமாரியிலிருந்து ஒரு கட்டு லைனிங் துணி கீழே விழுந்தது. அடுத்த ஞாயிறு ஏழரை மணிக்கு என்று பேச்சு முடிந்தபோதுதான், ரவிக்கைத் துணி வாங்கவே இல்லை என்பது சந்திரகலாவுக்கு உறைத்தது.

வீட்டில் கணவர் சபாபதியிடம் சொன்னார். சபாபதி ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவரிடம் யாரும் தண்ணீரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது.

"நீச்சலா? நாங்கல்லாம் காசு குடுத்தா கத்துக்கிட்டோம்? பன்னண்டு வயசுல பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஆத்துல இந்தக் கரையில குதிச்சா அந்தக் கரையில போய்த்தான் மூச்சு விடுவோம். சரி, நானும் வரேன். பக்கத்துல நின்னு சொல்லித் தரேன்."

ஞாயிறு வந்தது. சுற்றிலும் மதில், மேலே திறந்த வானம், இருபத்தைந்து மீட்டர் நீளத்தில் ஒரு பொதுக் குளம். ஒரு கோடியில் இடுப்பளவு, மறு கோடியில் ஆறடி. முதல் சண்டை உடுப்பு மாற்றும் அறையில், ரப்பர் தொப்பியோடு. சந்திரகலாவுக்கு இடுப்பு வரைக்கும் முடி. கொண்டையாகக் கட்டித் தொப்பியை இழுத்தால் அது டப்பென்று கூரைக்குப் பறந்தது. பின்னலாகச் சுற்றினால் தலை இரண்டு மாடி வீடு மாதிரி ஆயிற்று. கடைசியில் ரம்லத் தொப்பிக்குள் பவுடர் கொட்டி, ஒரு பக்கம் அவர், மறுபக்கம் யாரென்றே தெரியாத ஒரு சீனத்து ஆன்டி என்று பிடித்து இழுத்து மாட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தார் சந்திரகலா. புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறி, எதையோ கேட்டு அதிர்ச்சியடைந்த முகமாக இருந்தது. மூன்று பேரும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சீனத்து ஆன்டி பெயர் மேடம் இங். கிளப்பில் ஒன்பது வருடமாக இருக்கிறாராம்.

கோச் பெயர் வாணி. சுங்கை வே ஊர்ப் பிள்ளை, இருபத்தாறு வயது, ஐந்தடி உயரம். கழுத்தில் விசில்.

"ஆன்டி, முதல்ல முகத்தைத் தண்ணியில வச்சு, மூக்கால ஊதுங்க. குமிழி வரணும்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. முகம் தண்ணீரைத் தொட்டதும் கழுத்து தானாக நிமிர்ந்துகொண்டது. நாற்பது லோரி பேச்சைக் கேட்கிறது, இந்த ஒரு கழுத்து கேட்கவில்லை. கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு சபாபதி உட்கார்ந்திருந்தார், மடியில் ஞாயிறு பேப்பர்.

"கலா, பயப்படாத! தண்ணி உன்னைத் தூக்கும்! கையை நீட்டு!"

"நான் இன்னும் கைக்கே வரல, மூக்குலதான் இருக்கேன், சும்மா இருங்க!"

மூன்றாவது வாரம் மிதக்கப் பழக்கினாள் வாணி. மல்லாந்து படுக்கச் சொல்லி முதுகுக்கடியில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். காது இரண்டும் தண்ணீருக்குள் போயின. சபாபதியின் யோசனைகள் எல்லாம் சட்டென்று நின்றுவிட்டன. அதுவே பெரிய சுகமாக இருந்தது. மேலே வெள்ளை வானம். வாணி ஏதோ சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். முதுகுக்கடியில் யாருடைய கையும் இல்லை.

எழுபத்தெட்டு கிலோ, ஒன்றின்மேலும் படாமல் கிடந்தது. சந்திரகலாவுக்கு வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தார். வயிறு குலுங்கியது, இடுப்பு இறங்கியது, ஆள் உள்ளே போய்விட்டார். இருமிக்கொண்டு எழுந்தார்.

"சிரிச்சா மூழ்கிடுவீங்க ஆன்டி!"

"நான் எங்க சிரிக்கிறேன், அது தானா வருது!"

மறுபடி மிதந்தார், மறுபடி சிரித்தார், மறுபடி மூழ்கினார். அன்று முழுக்க அதுதான் பாடம். பக்கத்து வரிசையில் நீந்திக்கொண்டிருந்த ரம்லத்துக்கும் தொற்றிக்கொண்டது. வாணி விசில் ஊதி, "ரெண்டு பேரும் வேற வேற மூலைக்குப் போங்க" என்றாள். ஐம்பது வயதுக்கு மேல் வகுப்பில் சிரித்ததற்காகப் பிரித்து வைக்கப்பட்டதைச் சந்திரகலா மறுநாள் டிப்போ முழுக்கச் சொன்னார்.

ஒவ்வொரு ஞாயிறும் நீந்தி முடித்ததும் ஒரு பசி வரும் பாருங்கள். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வரவர மறையும். "இளைக்கத்தானே போன?" என்று சபாபதி கேட்டார். "யாரு சொன்னா?" என்று நாலாவது ரொட்டியைப் பிய்த்தார் சந்திரகலா.

இப்படி இரண்டு மாதம் போயிற்று. சபாபதி நாற்காலியிலிருந்து யோசனை சொல்வதை மட்டும் விடவில்லை. இப்போது ரம்லத்துக்கும் சொன்னார், மேடம் இங்குக்கும் சொன்னார், எழுபத்திரண்டு வயது கார்த்திகேசு அங்கிளுக்கும் சொன்னார். ஒரு நாள் கார்த்திகேசு நின்று, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "தம்பி, ஒரு தடவை இறங்கிக் காட்டுங்களேன். பாத்துக் கத்துக்குவோம்" என்றார்.

குளமே திரும்பிப் பார்த்தது.

"போட்டுக்க நீச்சல் சிலுவார் கொண்டு வரல" என்றார் சபாபதி.

"என்கிட்ட ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கு."

"பசியாறிட்டேன். சாப்பிட்டு இறங்கக் கூடாது."

"அடுத்த வாரம் சாப்பிடாம வாங்க அங்கிள்" என்றாள் வாணி.

அன்று வீடு திரும்பும்போது சபாபதிதான் காடி ஓட்டினார். மேம்பாலம் தாண்டிச் சிவப்பு விளக்கில் நின்றபோது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கலா. அந்த ஆத்துக் கதை..."

"ம்."

"பசங்க எல்லாரும் குதிச்சாங்க. அது நிஜம்."

"நீங்க?"

"நான் கரையில நின்னேன். அவனுங்க சட்டையெல்லாம் யாராவது பாத்துக்கணும் இல்ல?"

சந்திரகலா அவர் முகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் சாமானுக்குக் காவல் இருந்தவர்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது. சிரிப்பு வரவில்லை, முதலில். கையை நீட்டி அவர் தொடைமேல் வைத்தார். அப்புறம் சபாபதியே, "ஒன்பது சட்டை கலா" என்றார், ரொம்ப வருத்தமாக. அதோடு இருவருக்கும் சிரிப்பு வெடித்தது. பச்சை விளக்கு விழுந்து, பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்து, மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு சபாபதி புது நீச்சல் சிலுவாரோடு போய், "புது ஆள்" என்று பெயர் கொடுத்தார். வாணி பெயரை எழுதிக்கொண்டாள். முகத்தைத் தண்ணீரில் வைத்து ஊதச் சொன்னாள். கார்த்திகேசு மட்டும் பக்கத்தில் போய், "அந்தக் கரைக்குப் போய்த்தான் மூச்சு விடுவீங்களாமே?" என்று கேட்டுவிட்டு நீந்திப் போனார். சந்திரகலாவோ அவருக்கு இரண்டு மாத சீனியர். பாட்டன்காலத்து நீச்சல்காரி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்று, "பயப்படாதீங்க, தண்ணி உங்களைத் தூக்கும்" என்றார். அதைச் சொல்லும்போது கிடைத்த சந்தோஷத்தை எந்தக் கடையில் போய் வாங்க முடியும்?

ஆண்டு இறுதியில் கிளப்புக்குள்ளேயே ஒரு போட்டி நாள். நாலு நாலு பேராக அணி, ஆளுக்கு இருபத்தைந்து மீட்டர். எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம், மிதவைப் பலகைகூடப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அவரவர் பாதையை விட்டு விலகக் கூடாது. ஒரு அணியில் கார்த்திகேசு, சபாபதி, சந்திரகலா, ரம்லத். வாணியே பிரித்துப் போட்டது. வேண்டுமென்றுதான் போட்டாள் என்று இன்றைக்கும் சந்திரகலா சொல்கிறார்.

சந்திரகலாவுக்கு அதுவரைக்கும் அதிகபட்சம் பதினைந்து மீட்டர்தான். அதுவும் மல்லாந்து மட்டும். குப்புற நீந்தினால் மூச்சு பிசகிவிடும். ஆழமான பக்கம் போனதே இல்லை. முதல் நாள் இரவு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். ஆனால் அய்யாவுவுக்கு விஷயம் தெரிந்துபோயிருந்தது. ஞாயிறு அன்று டிரைவர்கள் ஒன்பது பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் டிரெய்லர் இல்லாத லோரித் தலையை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து கார் நிறுத்துமிடத்தில் இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்து நிறுத்தியிருந்தார்.

விசில் ஊதியது. கார்த்திகேசு ஆமை மாதிரி, ஆனால் நேராக, ஆழமான கோடிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார் சபாபதி. அவர் கிளம்ப வேண்டிய நேரம். கிளம்பவில்லை.

"சுவரை விடுங்க அங்கிள்!" என்று கத்தினாள் வாணி.

"விடறேன், விடறேன்."

"விடுங்க!"

விட்டார். மிதவைப் பலகையை நெஞ்சோடு கட்டிப் பிடித்து, காலால் குளத்தையே கடைந்துகொண்டு வந்தார். தண்ணீர் பூவாணம் மாதிரி எழும்பியது, ஆள் மட்டும் அங்கேயே இருப்பதுபோல் இருந்தது. மற்ற அணிகள் கடைசி ஆளை அனுப்பிவிட்டன. சபாபதி கடைசியில் சுவரைத் தொட்டுத் தலையை நிமிர்த்தி, "நான் வந்துட்டேன் கலா" என்றார், ஏதோ வெளிநாட்டிலிருந்து இறங்கினவர்போல.

சந்திரகலா மல்லாந்து சாய்ந்து சுவரை உதைத்தார்.

வானம். மேலே கட்டியிருந்த வண்ணக் கொடிகள். காதில் தன் மூச்சு மட்டும். கையைத் தூக்கித் தூக்கிப் போட்டார். பின்னால் எதுவும் தெரியாது. அப்போது அய்யாவுவின் குரல், எங்கோ பாத்திரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"அக்கா, பின்னால வாங்க, வாங்க, வாங்க! லெஃப்ட் ஒடிங்க!"

ஒன்பது டிரைவர்களும் கரையோரமாகக் கூடவே நடந்து வந்தார்கள். "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று ஒருவர், "ரைட் லா! அக்காவுக்கு ரைட்!" என்று இன்னொருவர். வெளியே யாரோ லோரி ஹார்னை அழுத்தினார்கள். சந்திரகலா எந்த லெஃப்ட் என்று தெரியாமல் இரண்டையும் ஒடித்தார். தோளில் பாதைக் கயிறு உரசியது. அதற்கடியில் புகுந்து அந்தப் பக்கம் போய், மெத்தென்று எதிலோ மோதினார்.

"அய்யோ! சினி சாயா புஞா லா!"

இது என் இடம் என்று மலாயில் கத்தியது மேடம் இங். அவர் பக்கத்து அணியின் கடைசி ஆள். இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தவர். இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேடம் இங்கின் தொப்பி கழன்று ஒரு காதில் தொங்கியது. ஒன்பது வருட அனுபவம் உள்ள அந்த அம்மாள்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். "போ, போ!" என்று சந்திரகலாவின் தலையைப் பிடித்துத் திருப்பித் தள்ளிவிட்டார்.

மீதித் தூரம் எப்படிப் போனாரோ. கை சுவரில் இடித்தது. இருபத்தைந்து மீட்டர். நிற்கலாம் என்று காலைக் கீழே விட்டார். கால் போய்க்கொண்டே இருந்தது. தரை வரவில்லை.

குனிந்து பார்த்தார். நீலம். அந்த நீலத்தில் அவருடைய பத்துக் கால்விரல்களும், சிவப்புச் சாயம் போட்ட நகங்களோடு, எதன்மேலும் படாமல் ஆடிக்கொண்டிருந்தன. சட்டென்று சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆறடி ஆன்டி" என்றாள் வாணி, குளத்தோரம் மண்டியிட்டு. அவள் முகமெல்லாம் பல்.

"ஆறடியா?" என்றார் சந்திரகலா. "ஆறடியா! என்னங்க, ஆறடியாங்க!" என்று மறு கோடிக்குக் கேட்கும்படி கத்தினார். அங்கே சபாபதி மிதவைப் பலகையைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்.

ரம்லத் கிளம்ப வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அவருக்குக் கை ஓடவில்லை. கடைசியில் அவர் கிளம்பியபோது மற்ற அணிகள் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தன. அறிவிப்புப் பலகையில் அவர்கள் பெயருக்கு எதிரே "தகுதி நீக்கம்" என்று எழுதினாள் வாணி. நாலு பேரும் அதற்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேடம் இங்கும் வந்து நடுவில் நின்றார்.

சந்திரகலா இப்போது நடுத்தரக் குழுவில். செவ்வாய்க்கிழமை வேலைக்கு முன்னாலும் போகிறார். ஈரப் பின்னலோடு வந்து வாக்கி டாக்கியை எடுக்கிறார். குப்புற நீந்தும்போது இடது பக்கம் மூச்சு எடுக்க வருகிறது, வலது பக்கம் திரும்பினால் இன்னும் தண்ணீர்தான் குடிக்கிறார். சபாபதி மிதவைப் பலகையை விட்டுவிட்டார். கார்த்திகேசு அங்கிளோடு தினம் போனில் சண்டை, யார் கால் நேராக இருக்கிறது என்று.

போன ஞாயிறு கரையிலிருந்து குதிக்கப் பழக்கினாள் வாணி. சந்திரகலா ஓரத்தில் பதினோரு நிமிடம் நின்றார். ரம்லத் கீழே தண்ணீரில் மிதந்துகொண்டு, "வாங்க கலாக்கா, கடை திறக்கணும்" என்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்தார். விழுந்த சத்தத்தில் அந்தக் கோடி வரைக்கும் எல்லாரும் திரும்பினார்கள். மேலே வந்தபோது மூக்கு எரிந்தது, தொப்பி எங்கேயோ போய்விட்டது, முடியெல்லாம் முகத்தில் ஒட்டிக் கிடந்தது. படியைப் பிடித்து ஏறினார், தண்ணீர் சொட்டச் சொட்ட நேராக வாணியிடம் வந்தார்.

"கோச், தூரத்திலேர்ந்து ஓடி வந்து குதிக்கலாமா?"

"ஓடக் கூடாது ஆன்டி. போர்டுல எழுதியிருக்கு."

"வேகமா நடக்கலாமா?"

வாணி யோசிப்பதற்குள் அவர் குளத்தின் மூலைக்கு நடக்க ஆரம்பித்திருந்தார்.